துளியும் வெளியே விடாத தொழிற்சாலை

தொட்டியில் மீன் வளர்ப்பது சிரமம் என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சார். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். தேவைப்பட்டால் மீனையும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் தொழிற்சாலைக்கு வந்தபோது பின்பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் சில மீன்கள் இருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் மட்டும் அல்ல, வேறு சிலரும் வைத்திருக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு அதில் மீன் நீந்துகிறது என்று காட்டினால் வருகிறவர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. மீனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

தொட்டி வைக்கச் சொன்னது நான். மீன் வாங்கி வந்து விட்டது எங்கள் கழிவுநீரைப் பார்த்துக்கொள்கிற மதலைமுத்து. முதல் முறை நிஜமாகவே சுத்திகரித்த தண்ணீரில்தான் விட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. மதலைமுத்து கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மேடம், இதுங்க பெரிய இடத்து மீனு போல. நம்ம தண்ணி ஒத்துக்கல. காவேரி கேக்குதுங்க."

"கேட்டா குடுத்துடுங்க. எதுக்கு வம்பு?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கும் மதலைமுத்துவுக்கும் எந்த விரோதமும் கிடையாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கன்னடத்திலேயே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் கன்னடம் வரும். ஆனால் யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம் எனக்குத் தமிழில்தான் வரிசையாக வருகிறது.

நீங்கள் உத்தமனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் எங்கள் ஆசிட் பிரிவின் சூப்பர்வைசர். நல்ல வேலைக்காரன். அவன் இல்லாமல் அந்தப் பிரிவில் வேலை தாறுமாறாகப் போகிறது, போல்ட்டுகள் எல்லாம் கருப்புத் தட்டி வருகின்றன. அவனுடைய அஜாக்கிரதையால் மதலைமுத்து செத்தார் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அது சரியான காரணம் இல்லை. காரணத்தைத் தப்பாகக் கண்டுபிடித்தால், அதற்குச் செய்கிற திருத்தமும் தப்பாகத்தான் போகும். இருபது வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவது இதைத்தான். அதனால்தான் நானே வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

உதயகிரி மெட்டல் ஃபினிஷர்ஸ் என்பது பெரிய பெயர், கம்பெனி நடுத்தரமானதுதான். வண்டிகளுக்குப் போகும் போல்ட், கிளிப், கொக்கி எல்லாம் எங்களிடம் வரும். ஆசிட்டில் கழுவி, துத்தநாக முலாம் பூசி, அதன்மேல் மஞ்சள் நிறம் ஏற்றி அனுப்புவோம். பளபளவென்று தங்கம் மாதிரி இருக்கும். முலாம் பூசுகிற தொட்டியில் சயனைடு உண்டு. மஞ்சள் ஏற்றுகிற தொட்டியில் குரோமியம் உண்டு. இரண்டும் விஷம். அதை மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

முதலாளி கஸ்தூரிரங்கன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனியிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சுற்றுச்சூழல் சான்றிதழ் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐ.எஸ்.ஓ. பதினாலாயிரத்து ஒன்று. அப்போது பெங்களூரில் அது புதுசு.

"வனஜா, இது நம்மால ஆகுமா? எம்.எஸ்ஸி. படிச்சவங்க நீங்கதான், சொல்லுங்க."

"ஆகும் சார். கொஞ்சம் படிக்கணும்."

நான் படித்தேன். ஆஸ்டின் டவுனில் என் வீட்டிலிருந்து பீன்யாவுக்கு இரண்டு பஸ். போகவர அதையேதான் படித்தேன். மிக நேர்த்தியான ஏற்பாடு, சார். இவ்வளவு சுத்தமாக இரு என்று அது யாரையும் மிரட்டுவதில்லை. உன் தொழில் எதை எல்லாம் கெடுக்கிறது என்று நீயே பார், அதைக் குறைக்க நீயே ஓர் இலக்கு வை, நீயே அளந்து பார், ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் மேலாக இரு என்கிறது. அவ்வளவுதான். வளர்ந்த மனிதர்களை வளர்ந்த மனிதர்களாக நடத்துகிற ஏற்பாடு. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

சாக்கடைக்குப் போகும் கழிவுநீரைக் குறைப்பது எங்கள் முதல் இலக்கு. கஸ்தூரிரங்கன் கவலைப்பட்டார்.

"தண்ணியைக் குறைக்கணும்னா வேலையைக் குறைக்கணுமே வனஜா? இருக்கிற ஆர்டரே மூச்சு முட்டுது."

"வேலையைக் குறைக்க வேண்டாம் சார். சாக்கடைக்குப் போறதைத்தான் குறைக்கணும்."

"அப்போ அது எங்கே போகும்?"

"இலக்கு சாக்கடையைப் பத்தி மட்டும்தான் சார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து வேறு யாரையோ கூப்பிட்டார். அவர் மேலும் கேட்கவில்லை என்பதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. நல்ல நிர்வாகி பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

காம்பவுண்டின் பின் மூலையில் ஒரு பழைய போர்வெல் இருந்தது. தண்ணீர் வற்றி, வாயில் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். கழிவுநீர் சேர்கிற குழிகளிலிருந்து அதற்கு ஒரு குழாய் போடச் செய்தேன். பைப் போட்டவர்கள் மழைநீர் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். குழிகள் இரண்டு. ஒன்று ஆசிட் கழுவின தண்ணீருக்கு, மற்றது சயனைடுத் தண்ணீருக்கு. இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் விஷக்காற்று கிளம்பும். எந்த முலாம் பட்டறையிலும் இதுதான் அரிச்சுவடி. ஆனால் இரண்டு பம்ப் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால் இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு குழாய் வைத்து, அதற்கு ஒரு வால்வு போட்டேன். ஒரு குழி காலியானதும் அதைக் கழுவிவிட்டு, வால்வைத் திறந்து அடுத்ததை இறைத்துக்கொள்ளலாம். கவனமாகச் செய்தால் ஆபத்தில்லை. மதலைமுத்து கவனமாகச் செய்வார். அந்த வால்வு இருப்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உத்தமனுக்குத் தெரியாது. தன் ஆசிட் தன் குழிக்குத்தான் போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாவம், இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

முதல் நாள் பம்ப் போடும்போது மதலைமுத்து கேட்டார்.

"இது எங்க மேடம் போவும்?"

"ரொம்பக் கீழே. பாறைக்குள்ள. அங்கேயே கிடக்கும்."

"நம்ம கல்லறை மாதிரின்னு சொல்லுங்க."

"அப்படித்தான்."

சாக்கடைக்குப் போகும் தண்ணீர் மாதா மாதம் குறைந்தது. வாசல் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தேன். படிக்கட்டு இறங்குகிற மாதிரி கோடு இறங்கி இறங்கி, கடைசியில் தரையைத் தொட்டது. உள்ளே வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன் சார், என் வாழ்க்கையில் வேறு எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள். மதலைமுத்துவும் அங்கேதான் இருந்தார். ஸ்ரீராம்புரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர். லைனில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்ப். ஒரு மத்தியானம் அவர் மனைவி மௌரீன் கேட்டில் வந்து நின்றாள். இடுப்பில் குடம்.

"மேடம், இதைப் பாருங்களேன். மஞ்சளா வருது. சோறு வடிச்சா லெமன் ரைஸ் மாதிரி இருக்குது. பசங்க ஏம்மா இன்னிக்கும் லெமன் ரைஸான்னு கேக்குதுங்க."

"இரும்பு ஜாஸ்தியா இருக்கும் மௌரீன். இந்தப் பக்கம் எல்லா போர்லயும் அப்படித்தான்."

"இவரு உங்ககிட்ட டெஸ்ட் பண்ணச் சொன்னாரு."

"வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்."

பார்த்தேன். சோதிக்காமலே சொல்லியிருக்கலாம், எங்கள் மஞ்சள் எனக்குத் தெரியாதா? ஆனாலும் முறைப்படி சோதித்தேன். குடிக்கக்கூடிய தண்ணீர் இல்லை. அன்று சாயங்காலம் மதலைமுத்துவிடம் சொன்னேன்.

"இரும்புதான். காய்ச்சி வடிகட்டிக் குடிக்கச் சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரி மேடம். நான்கூட வேற என்னவோ நெனச்சிட்டேன்."

காய்ச்சினால் அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். ஆனால் ஒன்றும் செய்ய முடியாத நிலையில் இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தால் மனசு அமைதியாக இருக்கும். அவர்கள் அந்த மழைக்காலம் முழுக்கக் காய்ச்சிக் குடித்தார்கள். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

பிறகு மௌரீனுடைய கையில் புண் வந்தது. முலாம் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் புண் தெரியும். சின்னதாக, வட்டமாக, துளை போட்ட மாதிரி இருக்கும், சீக்கிரம் ஆறாது. எங்கள் ஆட்கள் அதைக் குரோம் பொத்தல் என்பார்கள். மஞ்சள் தொட்டியில் கையுறை இல்லாமல் கை விட்டவனுக்குத்தான் வரும். மௌரீன் எங்கள் பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை. பாத்திரம் கழுவுகிற கை அது.

மதலைமுத்து என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை. எப்போதும் தட்டிவிட்டு வருகிறவர், அன்று தட்டவும் இல்லை.

"மேடம், என் பொண்டாட்டி கையில பொத்தல் விழுந்திருக்கு."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இரும்புன்னு சொன்னீங்க."

"மதலைமுத்து, உக்காருங்க."

"நான் நிக்கறேன். லைன்ல நாலு பேருக்கு இருக்கு. லீனா குட்டிக்கு மூக்குல ரத்தம் வருது. நாந்தான் மேடம் பம்ப் போடறேன். காலைல ஜெபம் சொல்லிட்டு வந்து, நானேதான் போடறேன்."

லீனா அவருடைய மகள். எனக்கு அந்தக் குழந்தையைத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு கேக் கொண்டுவந்து கொடுக்கும்.

சான்றிதழுக்கான ஆடிட்டுக்கு அப்போது சில வாரங்கள்தான் இருந்தன. நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆடிட் முடிந்ததும் லைனுக்குத் தனியாக ஒரு குழாய் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு ஆடிட் வரைக்கும் பொறுக்கலாம் மேடம். தாகம் பொறுக்குமா?"

ஆடிட்டர் வந்தால் ஆபீசில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துவிட்டுப் போவதில்லை, சார். பட்டறைக்குள் நடப்பார். ஏதாவது ஒரு தொழிலாளியை நிறுத்தி, உங்கள் கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கை என்ன, அதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்பார். யாரைக் கேட்பார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் கழிவுநீரைப் பார்த்துக்கொள்கிறவரைக் கேட்காமல் போகவே மாட்டார். அதனால் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒத்திகை நடத்துவோம். மதலைமுத்து எப்போதும் பிரமாதமாகச் சொல்வார். சர்ச்சில் வாசகம் வாசிக்கிறவர் ஆயிற்றே. "நிலம், நீர், காற்று ஆகியவற்றை மாசுபடுத்தாமல் காத்து, தொடர்ந்து மேம்படுவோம்" என்று ராகமாகச் சொல்லி முடிப்பார். உத்தமன் பின்னாலிருந்து ஆமென் போடுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

கடைசி ஒத்திகையில் அவர் முறை வந்தது. கொள்கையைச் சொன்னார். ராகம் இல்லாமல் சொன்னார். உத்தமன் ஆமென் என்றான்.

"உன் ஆமென்னை உன்கிட்டயே வெச்சுக்கோ," என்றார் மதலைமுத்து. பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், ஆடிட்டர் தண்ணி எங்க போவுதுன்னு கேட்டா?"

"கேட்க மாட்டார்."

"கேக்கலன்னா நானா சொல்லலாமா?"

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உத்தமன், "யோவ் மதலை, கேட்டதுக்கு மட்டும் சொல்லுய்யா, பரீட்சையில எக்ஸ்ட்ரா ஷீட் வாங்காத," என்றான். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

அன்று வேலை முடிந்ததும் அவரிடம் பேசினேன். விட்டுக்கொடுத்துவிட்டேன், சார். பம்பை நிறுத்திவிடுகிறேன் என்றேன். ஆயுத பூஜையோடு பழைய முறைக்கு முழுக்குப் போடுவோம், பூஜை முடிந்ததும் கழிவுநீரை நிஜமாகவே சுத்திகரிக்க ஆரம்பிப்போம் என்றேன். அவர் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ பூஜையன்னிக்கே சயனைடுக் குழியை நான் சுத்தம் பண்ணிடறேன் மேடம். அடிச் சகதி நிறைய கிடக்கு. புதுசா ஆரம்பிக்கறப்போ சுத்தமா ஆரம்பிப்போம்."

"சரி. ஆடிட்டர்கிட்டே ஒண்ணும் சொல்ல வேண்டாம், இல்லையா?"

அவர் கையை விட்டார். கோபமாக இல்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"சொல்லித்தான் ஆவணும் மேடம். குடிச்சவங்க குடிச்சிட்டாங்களே. டாக்டருகிட்ட போனா, என்னத்தைக் குடிச்சோம்னு சொல்லணும்ல? தெரியாம அவரு என்ன மருந்து குடுப்பாரு?"

அதில் ஒரு தப்பும் இல்லை. நியாயமான பேச்சு. அவர் மட்டும் கொஞ்சம் அநியாயமாகப் பேசியிருந்தால், பணம் கேட்டிருந்தால், மிரட்டியிருந்தால், நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் கேட்டதை நான் கொடுக்க முடியாது. கொடுத்தால் சான்றிதழ் போகும், ஆர்டர் போகும், எங்கள் பட்டறையை நம்பி இருக்கிற அத்தனை அடுப்பும் அணையும். ஒருவருடைய நியாயத்துக்காக அத்தனை பேரும் பட்டினி கிடப்பதா என்று யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். அன்று இரண்டாவது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது.

இனிமேல் ஆயுத பூஜை. உங்கள் ஸ்டேஷனிலும் துப்பாக்கிக்கும் ஜீப்புக்கும் பொட்டு வைத்திருப்பீர்கள். எங்கள் பட்டறையில் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, விபூதி குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டுவோம். பொட்டு வைத்த பிறகு எந்த மெஷினையும் தொடக் கூடாது. மறுநாள் பூஜை போட்டுத்தான் ஓட விடுவோம். முதலாளி வீட்டம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு.

ஒரு விபத்து நடந்தால் நாங்கள் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஏன் என்று கேட்க வேண்டும். பதில் வந்ததும் அந்தப் பதிலைப் பார்த்து மறுபடியும் ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்து முறை கேட்டால் வேர் தெரிந்துவிடும். நீங்கள் இரண்டாவது ஏனிலேயே நிறுத்திவிட்டீர்கள்.

மதலைமுத்து ஏன் செத்தார்? குழிக்குள் விஷக்காற்று. அது ஏன் வந்தது? உத்தமன் ஆசிட் தொட்டிகளைக் கழுவிவிட்டான், அது உள்ளே புகுந்துவிட்டது. சரி. நிறுத்திவிட்டீர்கள்.

உள்ளே இருந்தவருக்கு ஏன் நல்ல காற்று கிடைக்கவில்லை? குழியில் இறங்குவதென்றால் காற்று ஊதுகிற புளோயர் ஓட வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான். மதலைமுத்து அன்று காலை அதைத் தேடிக்கொண்டு வந்தார். புளோயருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூஜை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

"மேடம், இதை எடுத்துக்கவா? நாங்க வேதக்காரங்க, நான் தொட்டா ஒருவேளை ஏதாச்சும் நெனப்பாங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா..."

"பொட்டு வெச்சாச்சே மதலைமுத்து. அம்மா வர்ற நேரம். குழிதான் காலியா இருக்கே, சீக்கிரம் முடிச்சுடுங்க."

"சரி மேடம். அவங்க சாமியை நாம எதுக்கு எழுப்பணும்?"

வேறு மதத்துக்காரர் என்பதால் அவருக்கு எங்கள் வழக்கத்தில் எங்களைவிட மரியாதை அதிகம். ஒரு இந்துவாக இருந்திருந்தால், போடா என்று எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் அதை அறிந்துதான் சொன்னேன். புளோயருக்குப் பொட்டு வைத்ததும் நான்தான், சார். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஏன். அவர் விழுந்தபோது ஏன் தூக்க ஆளில்லை? மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உத்தமன் நின்றான். விதிப்படிதான் நின்றான். நான் போனேன்.

"உத்தமா, உன் தொட்டியெல்லாம் இன்னும் கழுவலையா? ஐயர் வந்துட்டார்."

"மதலை உள்ள இருக்காரு மேடம். ஆள் நிக்கணும்னு நீங்கதானே..."

"நான் நிக்கறேன். நீ போய் எல்லாத்தையும் ஒரே முட்டா கழுவி விட்டுட்டு வா. பேகா, சீக்கிரம்!"

"யோவ் மதலை, மேடமே கயிறு பிடிக்கறாங்க, உனக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று குழிக்குள் குனிந்து சொல்லிவிட்டு ஓடினான். அதுதான் அவன் செய்த தப்பு. என் பேச்சை நம்பினான்.

கடைசி ஏன். உத்தமனுடைய ஆசிட் அவன் குழிக்குத்தானே போக வேண்டும், சயனைடுக் குழிக்குள் எப்படி வந்தது? நடுவில் வால்வு இருக்கிறதே. மதலைமுத்து இறங்குவதற்கு முன் அதை இறுக்கமாக மூடியிருந்தார். இரண்டு முறை சோதித்தார். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்.

கயிற்றை நான் தரையில் வைத்தேன். வால்வு கொஞ்சம் இறுகித்தான் இருந்தது; முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினேன்.

அவர் கீழே பேசிக்கொண்டே வேலை செய்தார். லைனுக்குக் குழாய் வருகிற செய்தியை மௌரீனிடம் இன்னும் சொல்லவில்லையாம். குழாயைக் காட்டித்தான் சொல்லப் போகிறாராம். அப்போது தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது.

"மேடம், அது என்ன சத்தம்?"

"பூஜை ஆரம்பிச்சுட்டாங்க," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதிக நேரம் ஆகவில்லை. அவர் கஷ்டப்படக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காற்று என் பக்கம் அடிக்கவில்லை. வால்வை மூடிவிட்டு, கை கழுவிவிட்டு, பூஜைக்குப் போய் ஆரத்தி எடுத்துக்கொண்டேன். பூசணிக்காய் உடைக்கும்போதுதான் உத்தமன் ஓடிவந்து, "மேடம், நீங்க இங்க இருக்கீங்களே, அங்க யாரு?" என்று கேட்டான்.

ஆடிட் குறித்த நாளில் நடந்தது. ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம். ஆடிட்டர் வேறொரு ஆளைக் கேட்டார், அவன் கொள்கையைத் தடுமாறாமல் சொன்னான். ஒரு துயரமான விபத்தை நிர்வாகம் பொறுப்போடு கையாண்டிருக்கிறது என்று ஆடிட்டர் பாராட்டி எழுதினார். சான்றிதழ் வந்துவிட்டது. வாசலில் மாட்டியிருக்கிறோம், நீங்கள் பார்த்திருப்பீர்கள். கஸ்தூரிரங்கனுக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் எதையும் கேட்டதில்லை.

ஆக, உத்தமனை விட்டுவிடுங்கள். வால்வைத் திறந்தது நான். தெரிந்து திறந்தேன். இதில் என் கையெழுத்து எங்கே வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். குறையை மற்றவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் தானே எடுத்துச் சொல்கிறவர்களுக்கு எங்கள் துறையில் ஒரு மரியாதை உண்டு. உங்கள் துறையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

லைனில் இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. அடக்கத்தன்று மௌரீன் என் தோளில் சாய்ந்து அழுதாள். கையில் கட்டுப் போட்டிருந்தாள். இரும்பு போவதற்கு நன்றாகக் காய்ச்சிக் குடி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன ஆறுதல் சொல்வது?

குழாயா? போர்வெல்லுக்குப் போகிற குழாயை மூடியாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா?

இல்லை, சார். பூஜைக்கு மறுநாள் பம்பை நானே போட்டேன். இன்று காலை இங்கே வருமுன்னும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதை மூடினால் அவ்வளவு விஷமும் ரோட்டுச் சாக்கடைக்கு வரும். சாக்கடை நேராக ஏரிக்குப் போகிறது. குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறவைகள் எல்லாம் வந்து இறங்குகிற ஏரி அது. அதைப் பாழாக்க என் மனசாட்சி இடம் கொடுக்காது.